அப்பாவின் நினைவுப் புத்தகம் அச்சிட்டுத் தந்த சேவை பற்றி

கார் தொழிற்சாலையில் அசெம்பிளி லைனில் உழைத்து ஓய்வு பெற்ற அப்பா காலமான பிறகு, அவர் போட்டோக்களை ஸ்கேன் செய்து புத்தகமாக்கித் தரும் ஒரு சேவையிடம் கொடுத்தோம். ஸ்கேன் வேலை அருமை. அதே அளவில் அச்சிட 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) ஸ்கேன் செய்தால் போதும், இரண்டு மடங்கு பெரிதாக்க 600 வேண்டும் என்று அவர்களே எடுத்துச் சொன்னார்கள்; அதனால் ஷிப்ட் முடிந்து நண்பர்களோடு நிற்கும் அந்தச் சின்னப் படத்தில் அவர் சட்டைப் பையில் சொருகியிருக்கும் ஸ்க்ரூடிரைவர்கூட இப்போது தெரிகிறது. பழைய கலர் பிரிண்ட்களில் பெரும்பாலும் சயான் (நீலப்பச்சை) சாயம் முதலில் மங்கிப் படம் சிவந்துபோகும், அதையும் பக்குவமாகச் சரிசெய்திருக்கிறார்கள், முகத்தை மட்டும் மெழுகுபோல வழவழப்பாக்கவில்லை, அதற்கே பெரிய நன்றி.

குறை என்றால் வாசகங்கள்தான். 'பாசமிகு தந்தை' என்று யாருக்கும் பொருந்துகிற வரிகளைப் போட்டிருந்தார்கள். யார் வீட்டுக் காராக இருந்தாலும் கதவு சாத்தும் சத்தத்தை வைத்தே கீல் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார், நைட் ஷிப்ட் முடிந்து வந்தும் எங்களைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத்தான் படுப்பார், அப்படிப்பட்ட மனிதர்! அதையெல்லாம் நாங்களே எழுதிக் கொடுத்தோம், மறுப்பு சொல்லாமல் மாற்றினார்கள்.

அப்புறம், பளபளப்பில்லாத மேட் தாளே கேளுங்கள், பலர் கைபட்டாலும் ரேகை அவ்வளவாகத் தெரியாது. அச்சுக்கு முன் புரூஃப் (சரிபார்க்கும் மாதிரி) வாங்கி, பெயர், தேதி எல்லாவற்றையும் வீட்டில் இன்னொருவரையும் பார்க்கச் சொல்லுங்கள்.