14 மாதத்தில் 4 தடவைதான் ரத்தப்போக்கு: கருத்தடை மாத்திரையை இடைவெளி விடாமல் சாப்பிட்ட என் அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது டாக்டர் பார்த்து எழுதிக்கொடுத்த மாத்திரை, கருத்தடைக்காக நான் ஆரம்பிக்கவில்லை. ஸ்கேனில் அடினோமயோசிஸ் என்று வந்தது. கருப்பையின் உள்சவ்வு அதன் தசைச் சுவருக்குள்ளேயே புகுந்து வளர்கிற தொல்லை அது. மாதத்துக்கு 8 நாள் ரத்தம் போகும், முதல் 3 நாள் ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின், இடுப்பிலிருந்து தொடை வரை இழுக்கிற வலி, ஹீமோகுளோபின் 7.8-க்கு இறங்கிவிட்டது. நான் பள்ளி ஆசிரியை. அந்த நாட்களில் கருநீலப் புடவை தவிர வேறு எதையும் எடுக்க மாட்டேன், மாணவிகளுக்கு முழு முதுகையும் காட்டாமல் பக்கவாட்டில் நின்றபடியே கரும்பலகையில் எழுதப் பழகியிருந்தேன். வருடக்கணக்காக அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

மாத்திரை என்னவோ சாதாரணமானதுதான். லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மி.கி., எத்தினைல் எஸ்ட்ராடியால் 0.03 மி.கி. இரண்டும் சேர்ந்தது, ஓர் அட்டையில் 21 மாத்திரை. வழக்கமாக 21 நாள் சாப்பிட்டு 7 நாள் விடுவார்கள், அந்த 7 நாளில் ரத்தம் போகும். எனக்கு டாக்டர் சொன்னது, அந்த 7 நாளை விடாதீர்கள், ஓர் அட்டை முடிந்த மறுநாளே அடுத்த அட்டையைத் தொடங்குங்கள். அவ்வளவுதான் விஷயம்.

வீட்டில் சொன்னதும் அம்மா பயந்துவிட்டார். "ஏங்கண்ணு, கெட்ட ரத்தமெல்லாம் உள்ளயே நின்னு கட்டியாயிராதா?" என்றார். எனக்கும் உள்ளுக்குள் அதே பயம்தான், அதனால் அடுத்த முறை டாக்டரிடம் அதே வார்த்தைகளில் கேட்டேன். அவர் ஸ்கேன் கவரின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். சாதாரணமாக மாதாமாதம் உள்சவ்வு தடித்து, கரு தங்காவிட்டால் உதிர்ந்து வெளியே வருகிறது. மாத்திரை சாப்பிடும்போது சவ்வு மெல்லிசாகவே இருந்துவிடுகிறது, உதிர்வதற்கு அங்கே பெரிதாக எதுவும் சேர்வதில்லை. மாத்திரைக்காரர்களுக்கு அந்த 7 நாளில் போவதும் உண்மையான மாதவிடாய் இல்லை, ஹார்மோன் திடீரென்று நின்றதால் போகிற ரத்தம். அதை அம்மாவிடம் அப்படியே சொன்னேன், "அப்படின்னா உள்ள ஒண்ணும் சேரலியா?" என்று இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

அப்புறம் நானே தேடிப் படித்ததில் தெரிந்தது, அந்த 7 நாள் இடைவெளி உடம்புக்குத் தேவை என்று வைத்ததே இல்லை. 1960-ல் அமெரிக்காவில் முதல் கருத்தடை மாத்திரைக்கு அனுமதி கிடைத்தபோதே நடுவில் சில நாள் விடுகிற முறைதான், மாதாமாதம் வருவது போலவே இருக்கட்டும், பெண்களுக்கு அதுதான் பழக்கம் என்று வைத்தது. 2003-ல் அங்கே 84 நாள் தொடர்ந்து சாப்பிடும் சீசனேல் வந்தது, வருடத்துக்கு 4 தடவைதான் போகும். 2007-ல் வருடம் முழுவதும் இடைவெளியே இல்லாத லைப்ரெல் வந்தது. 2019-ல் பிரிட்டனில் மருத்துவர்களுக்கான வழிகாட்டுதலிலேயே அந்த 7 நாளால் உடல்நலத்துக்குத் தனிப் பலன் இல்லை என்று எழுதிவிட்டார்கள். இதை யாராவது எனக்கு 20 வயதிலேயே சொல்லியிருக்கலாம் என்று மனது கிடந்து அடித்துக்கொண்டது.

சரி, எல்லாம் முதல் நாளிலிருந்தே சுகமா என்றால் இல்லை. முதல் 3 மாதம் பொறுமையைச் சோதித்தது. திடீர் திடீரென்று பழுப்பாகப் படும், 2 நாள் நிற்கும், திரும்பப் படும். குறைவுதான், ஆனால் எப்போது வரும் என்றே தெரியாது, பையில் நாப்கின் இல்லாமல் வெளியே போக முடியாது. மார்பு கொஞ்சம் கனத்தது, முதல் அட்டையில் காலையில் குமட்டல், இரவு 9 மணிக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று மாற்றியதும் சரியாயிற்று. படுவது 4 நாளுக்கு மேல் நீண்டால் என்ன செய்வது என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். குறைந்தது 21 நாளாவது தொடர்ந்து சாப்பிட்டிருந்தால் 4 நாள் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கலாம், எக்காரணம் கொண்டும் இடைவெளி 7 நாளைத் தாண்டக் கூடாது. அப்படி நானாக விட்டு வரவழைத்ததுதான் இந்த 4 தடவை. ஆறாவது மாதத்துக்குப் பிறகு படுவது ஏறக்குறைய நின்றேவிட்டது. ஹீமோகுளோபின் இப்போது 11.6, இரும்புச்சத்து மாத்திரையும் கூடவே சாப்பிட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். போன பொதுத்தேர்வுக்கு மேற்பார்வைப் பணி போட்டார்கள், 3 மணி நேரம் நின்றேன், சந்தன நிறப் புடவையில்.

ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். விசேஷம், கோயில் என்று தள்ளிப்போட 3 நாள் முன்னாலிருந்து சாப்பிடுகிற மாத்திரையும் இதுவும் ஒன்றில்லை. அது நோரெத்திஸ்டெரோன் 5 மி.கி., கொஞ்ச நாளைக்கு மட்டும், அதைக் கருத்தடை என்று நம்பவும் கூடாது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கும் மாலா-என்னில் நான் சாப்பிடுகிற அதே இரண்டு ஹார்மோன்கள், அதே அளவு. ஆனால் அட்டையில் 28 இருக்கும், நிறம் வேறாக இருக்கும் கடைசி 7-ம் வெறும் இரும்புச்சத்து. இடைவெளி இல்லாமல் சாப்பிடச் சொல்லியிருந்தால் அந்த 7-ஐ விட்டுவிட்டு அடுத்த அட்டைக்குப் போக வேண்டும்.

எல்லோருக்கும் ஆகாது, இதை அழுத்திச் சொல்கிறேன். ரத்தக்கொதிப்பு, முன்பு எப்போதாவது ரத்தம் கட்டிய வரலாறு, மார்பகப் புற்றுநோய், ஈரல் நோய், தலைவலிக்கு முன்னால் கண்ணில் மின்னல் போல் வெட்டுகிற மைக்ரேன், 35 வயதுக்கு மேல் புகைப்பழக்கம், இதில் ஒன்று இருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். காசநோய்க்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்குச் சில மாத்திரைகள் சாப்பிட்டால் இது வேலை செய்யாமல் போகும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ நெஞ்சு வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ நாளைக்குப் பார்க்கலாம் என்று உட்காரக் கூடாது, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எனக்கு எழுதிக்கொடுக்கும் முன் இதையெல்லாம் கேட்டு, பிரஷர் பார்த்துவிட்டுத்தான் எழுதினார்கள்.

மாதாமாதம் வராததால் கர்ப்பமோ என்ற பயமும் வரும். நான் இரண்டு தடவை கிட் வாங்கிச் சோதித்துவிட்டுத்தான் தூங்கினேன், அதில் தப்பே இல்லை.

பெரிய தலைவலி வாங்குவதில்தான். 21 நாளுக்கு ஓர் அட்டை என்றால் வருடத்துக்கு 17, 18 அட்டை வேண்டும். எங்கள் தெரு மருந்துக்கடையில், பின்னால் 4 பேர் நிற்க, "இப்பத்தானே வாங்கிட்டுப் போனீங்க, அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?" என்று சத்தமாகக் கேட்டார்கள். வீட்டுக்கு வந்து அழுதேன். அடுத்த தடவை டாக்டரிடம் சொல்லி, சீட்டிலேயே "இடைவெளி இன்றி தினமும் ஒன்று, 4 அட்டை" என்று எழுதி வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு யாரும் ஒன்றும் கேட்கவில்லை, 12 வாரத்துக்கு ஒரு முறை போனால் போதும்.