ட்ரெட்மில் மூச்சுப் பரிசோதனை: நெடுந்தூரம் ஓடுபவர்கள் ஒருமுறை செய்துபார்க்கலாம்

இரண்டு மணி நேரம் ஓடியபின் கால்கள் ஏன் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்ற கேள்வி எனக்கு ரொம்ப நாளாக உண்டு. கையில் கட்டும் வாட்ச் இதயத் துடிப்பை வைத்து கலோரியை ஊகிக்கிறது, அவ்வளவுதான். எரிவது கொழுப்பா மாவுச்சத்தா என்று அதற்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பரிசோதனைக்குப் போனேன்.

மூக்கையும் வாயையும் இறுக்கமாக மூடும் முகமூடியைப் போட்டுக்கொண்டு ட்ரெட்மில்லில் ஓட வேண்டும். உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனையும் வெளியே விடும் கார்பன் டை ஆக்சைடையும் கருவி அளக்கிறது. கார்பன் டை ஆக்சைடை ஆக்சிஜனால் வகுத்தால் வரும் விகிதத்தில்தான் விஷயமே இருக்கிறது. 0.7-க்குப் பக்கத்தில் இருந்தால் எரிவது பெரும்பாலும் கொழுப்பு, 1.0-ஐத் தொட்டால் கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து.

பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் எனக்கு 0.85 வந்தது. கொழுப்பும் மாவுச்சத்தும் பாதிக்குப் பாதி. நிமிடத்துக்கு 2 லிட்டர் ஆக்சிஜன் செலவானது. ஒரு லிட்டருக்குச் சுமார் 5 கலோரி என்று வைத்தால் நிமிடத்துக்கு 10 கலோரி, அதில் கொழுப்பு அரை கிராம் சொச்சம். அப்புறம் நான் பந்தயத்தில் ஓடும் வேகத்துக்கு ஏற்றினார்கள். ஆக்சிஜன் 3 லிட்டர், விகிதம் 0.95. மாவுச்சத்து மட்டும் நிமிடத்துக்கு 3 கிராமுக்கு மேல் கரைகிறது! தசைகளில் கிளைகோஜனாக, அதாவது உடல் சேமித்துவைக்கும் மாவுச்சத்தாக, இருப்பது சுமார் 400 கிராம், கல்லீரலில் இன்னொரு 100 கிராம். ஓடாத தசைகளில் இருப்பது கால்களுக்கு உதவாது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், இரண்டு மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்பது புரிந்துவிட்டது. கொழுப்பு மிச்சம் எவ்வளவு இருந்தாலும் அதை அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்து எரிக்க முடியாது.

பரிசோதனை செய்த இளைஞர் நல்ல பொறுமைசாலி. முதல் சில நொடிகளுக்கான ஆற்றல் தசையில் உடனடிச் செலவுக்கென்று இருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட் என்ற வேதிப்பொருளிலிருந்து வருகிறது, மூச்சு அதன் பின்னால்தான் எட்டிப்பிடிக்கிறது என்று விளக்கினார். அதனால்தான் ஒவ்வொரு வேகத்திலும் குறைந்தது 3 நிமிடம் ஓடவைத்தார். நிமிடத்துக்கு ஒருமுறை வேகம் கூட்டும் சோதனையும் அங்கே உண்டு. அது உடல் அதிகபட்சமாக எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்று கண்டுபிடிக்க. எரிபொருள் கணக்கு வேண்டுமென்றால் ஒவ்வொரு வேகத்திலும் சில நிமிடம் ஓடவைக்கும் சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

குறைகளும் உண்டு. முன்பதிவு செய்தபோது சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானாகக் கேட்டுத்தான் சில மணி நேரம் வெறும் வயிற்றோடு போனேன். சாப்பிட்டுவிட்டுப் போனால் விகிதம் மேலே ஏறி, கணக்கே மாறிவிடும். இதை முதலில் சொல்ல வேண்டாமா? அறிக்கையில் "கொழுப்பு எரியும் பகுதி" என்று பச்சை வண்ணம் அடித்து, எடை குறைய அங்கேயே ஓடுங்கள் என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது ஏற்புடையதே இல்லை. ஓடும்போது எது எரிந்தாலும் மீதி நாளில் உடல் அதைச் சரிக்கட்டிக்கொள்கிறது. எடையைத் தீர்மானிப்பது மொத்த வரவும் செலவும்தான்.

சில மாதம் நிதானமான நீண்ட ஓட்டங்களைக் கூட்டிவிட்டு மறுபடி போகப்போகிறேன். தசை செல்களுக்குள் ஆக்சிஜனைக் கொண்டு எரிபொருளை ஆற்றலாக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருகினால் அதே வேகத்தில் கொழுப்பின் பங்கு கூட வேண்டும். அந்த 0.95 இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.