படகுக்குப் பலாஸ்ட் பம்ப் பூட்டக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

ரொறன்ரோவிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள தமிழ் வட்ஸ்அப் குழுக்களில் "படகு வேலை எல்லாம் செய்து தரப்படும், வீட்டுக்கே வந்து செய்வோம்" என்று ஒரு விளம்பரம் சுற்றுகிறது. அந்த ஆளிடம்தான் எங்கள் படகுக்குப் பலாஸ்ட் பம்ப், அதாவது படகைப் பாரமாக்கத் தண்ணீர் ஏற்றும் பம்ப், பூட்டக் கொடுத்தோம். காசு போனது ஒரு பக்கம் இருக்கட்டும். பெற்றோல் என்ஜினுக்குப் பக்கத்தில் தீப்பொறி வரக்கூடிய பம்பையும், நீர்மட்டத்துக்குக் கீழே குளியலறைக்குப் பூசுகிற சிலிக்கனையும் வைத்து, மேலே கம்பளத்தை விரித்து மூடிவிட்டுப் போயிருக்கிறார். அந்தப் படகில் என் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நான் ஏரிக்குப் போனேன். பெயரை இங்கே போடவில்லை, விஷயம் வழக்குக்குப் போகிறது. ஆனால் என்ன நடந்தது என்பதை நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்களுடையது 21 அடி நீளமான பழைய வேக்போர்ட் படகு, பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பலகையில் சறுக்குவதற்கானது. சிம்கோ ஏரியில் ஓடுவோம். பின்னால் பெரிய அலை எழும்ப வேண்டுமென்றால் படகைப் பாரமாக்க வேண்டும். அதற்கு இருக்கைகளுக்குக் கீழே பைகள் வைத்து ஏரித் தண்ணீரையே நிரப்புவார்கள். 750 இறாத்தல் பை ஒன்று நிரம்பினால் 340 லீற்றர். அதுவரைக்கும் ஒரு பம்பைப் படகின் ஓரத்தால் தண்ணீருக்குள் தொங்கவிட்டு, குழாயைப் பை பையாக மாற்றி மாற்றி நிரப்பிக்கொண்டிருந்தோம். ஒரு சுவிச்சைத் தட்டினால் நிரம்ப வேண்டும், இன்னொரு பக்கம் தட்டினால் வெளியேற வேண்டும். பிள்ளைகள் கேட்டது அவ்வளவுதான்.

அவர் வட்ஸ்அப்பில் அனுப்பிய மதிப்பீடு இன்னும் என்னிடம் இருக்கிறது. இரண்டு பக்கமும் சுழலும் மரீன் பம்ப் மூன்று, வெண்கலத் துரூஹல் (படகின் அடியைத் துளைத்துத் தண்ணீர் எடுக்கப் பூட்டும் வாய்), அடைக்கும் வால்வு, மரீன் வயர், கூலி எல்லாம் சேர்த்து 2,600 டொலர். வேலை முடிந்த அன்று 3,100 கேட்டார். "சாமான் விலை ஏறிட்டுது அண்ணை" என்றார். ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, எழுத்தில் கொடுத்த மதிப்பீட்டை விட 10 சதவீதத்துக்கு மேல் வாங்க முடியாது. அதைச் சொன்னதும் 2,800க்கு இறங்கி வந்தார். ரசீதில் "பம்ப் வேலை" என்று இரண்டே சொல் எழுதியிருந்தது.

ஏரியில் இறக்கியதும் பைகள் நிரம்பின. அலையும் நன்றாகவே வந்தது. கொஞ்ச நேரத்தில், படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் பில்ஜ் பம்ப் தானாக ஓடத் தொடங்கியது. நின்றது, திரும்ப ஓடியது, திரும்பவும் ஓடியது. அப்புறம் பின் இருக்கைப் பக்கமிருந்து பிளாஸ்ரிக் கருகும் மணம் வந்தது. என்ஜினை நிறுத்தி, பற்றரிச் சுவிச்சை அணைத்து, பக்கத்தில் வந்த படகொன்றைக் கட்டி இழுக்கச் சொல்லிக் கரை சேர்ந்தோம்.

மரீனாவில் வேலை செய்யும் வயதான மெக்கானிக் ஒருவர் தரைப் பலகையைக் கழற்றிக் காட்டினார். முதலில் காட்டியது துரூஹலை. வெண்கலம் என்று காசு வாங்கிய இடத்தில் வெள்ளைப் பிளாஸ்ரிக் இருந்தது. சுற்றிவரச் சிலிக்கன், அதில் விரலால் தடவிய அடையாளம் அப்படியே காய்ந்து கிடந்தது. அவர் நகத்தால் ஓரத்தைக் கிளப்பினார், ஒரு நாடாவைப் போல முழுதாக உரிந்து வந்தது. நீர்மட்டத்துக்குக் கீழே பூசுவதற்கென்றே மரீன் பொலியூரித்தேன் பசை இருக்கிறது. இது அதுவல்ல. வால்வும் இல்லை. குழாய் கழன்றால் அடைக்க வழியே கிடையாது. நீர்மட்டத்துக்கு ஒரு அடி கீழே ஒரு அங்குலத் துளை இருந்தால் நிமிடத்துக்கு ஐம்பது, அறுபது லீற்றர் உள்ளே வரும். பைகளில் ஏற்கெனவே ஒரு தொன் தண்ணீர் இருக்கும் படகு அதை எவ்வளவு நேரம் தாங்கும்?

அடுத்தது வயர். அவர் கத்தியால் ஒரு இழையைச் சுரண்டி என் கையில் தந்தார். வெளியே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்புத் தோல் போர்த்திய மலிவு வயர், கார் ஸ்பீக்கர் பூட்டுகிறவர்கள் வைத்திருப்பது. நல்ல மரீன் வயரைச் சுரண்டினால் நேர்மாறாக இருக்கும்: வெளியே வெள்ளீயம் பூசிய வெள்ளி நிறம், உள்ளே முழுச் செம்பு. அலுமினிய வயர் அதே தடிப்பில் குறைந்த மின்னோட்டத்தைத்தான் தாங்கும், ஈரத்தில் சீக்கிரம் அரிக்கும். மூன்று பம்புக்கும் ஒரே வயர், இணைப்புகளை முறுக்கிக் கறுப்பு ரேப் சுற்றியிருந்தது. பற்றரிப் பக்கத்தில் பியூஸ் இல்லை. வட அமெரிக்காவில் படகு மின்வேலைக்குப் பின்பற்றும் ஏபிவைசி தரநிலை, பற்றரியிலிருந்து 7 அங்குலத்துக்குள் பியூஸ் வைக்கச் சொல்கிறது. கருகிய மணம் அந்த ரேப் சுற்றிய இடத்திலிருந்துதான் வந்திருக்கிறது.

ஆனால் எனக்கு இன்றும் நெஞ்சு பதறுவது பம்பை நினைத்தால்தான். பெற்றோல் ஆவி காற்றை விடப் பாரமானது, படகின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அதனால்தான் என்ஜினை இயக்குமுன் அந்த ஆவியை வெளியேற்றும் புளோவர் விசிறியை நான்கு நிமிடம் ஓடவிட வேண்டும் என்று கனடாவில் சட்டமே இருக்கிறது. அதே காரணத்துக்காக, பெற்றோல் என்ஜின் அறையில் பூட்டும் மின்சாமான் எதுவும் வெளியே தீப்பொறி விடாத வகையாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட பம்பின் மேல் "இக்னிஷன் புரொடெக்டட்" என்றோ "எஸ்ஏஇ ஜே1171" என்றோ போட்டிருக்கும். எங்கள் படகில் இருந்ததில் 12 வோல்ட் என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. பற்றவைக்க எல்லாம் தயாராக இருந்த ஒரு பெட்டிக்கு மேலே என் மகள் உட்கார்ந்திருக்கிறாள்.

அந்தப் பம்ப் ஒரு பக்கம்தான் சுழலும். பைகளை முழுதாக வெறுமையாக்க வழி இல்லை. ஒன்ராறியோவில் 2022 ஜனவரி 1 முதல், படகைத் தரைவழியாகக் கொண்டுபோகுமுன் வடிகால் அடைப்புகளைத் திறந்து தண்ணீரை வடியவிட வேண்டும். ஸீப்ரா மட்டி போன்றவை ஏரிக்கு ஏரி பரவாமல் இருக்கத்தான் அந்த விதி. பையில் தண்ணீரோடு இழுத்துக்கொண்டு போனால் அபராதம் எங்களுக்குத்தான் வரும், பம்ப் பூட்டியவருக்கு அல்ல. குளிர்காலத்தில் அது உறைந்து குழாய்கள் வெடிப்பது வேறு.

பம்ப் பூட்டியவரைத் தொலைபேசியில் கேட்டேன். "அண்ணை, தண்ணி ஏறுதோ இல்லையோ? பிறகென்ன?" என்றார். வெண்கலம் எங்கே தம்பி என்று கேட்டேன். "அது கிடைக்கேல்ல, இதுவும் அதே மாதிரித்தான்." படம் அனுப்பினேன். நீல அடையாளம் விழுந்தது, பதில் வரவில்லை. பிறகு விசாரித்ததில் அவர் கார் ஓடியோவும் ரிமோட் ஸ்ரார்ட்டரும் பூட்டுகிறவர் என்று தெரிந்தது. அந்த வேலையை நன்றாகச் செய்பவராகக்கூட இருக்கலாம். ஆனால் கார் பழுதானால் வீதியோரம் நிறுத்தலாம்.

எல்லாவற்றையும் கழற்றித் திரும்பச் செய்ய முதல் கொடுத்ததை விடக் கூடச் செலவானது. படகின் அடியில் அவர் பெரிதாக வெட்டிய துளையை அடைத்து வார்ப்பதற்கே அதில் பாதி போனது. மரீனா மெக்கானிக் எழுதித் தந்த அறிக்கை, படங்கள், அந்த வட்ஸ்அப் மதிப்பீடு எல்லாவற்றையும் சேர்த்துச் சிறு கோரிக்கை நீதிமன்றத்துக்குக் கொடுக்கிறேன்.

இனிமேல் கொடுக்கப் போகிறவர்கள், பம்பின் பெயரும் மொடல் இலக்கமும் மதிப்பீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். தரைப் பலகையை மூடுமுன் கூப்பிடச் சொல்லுங்கள், நீங்களே படம் எடுத்து வையுங்கள். அதற்குச் சம்மதிக்காதவருக்கு முற்பணம் கொடுக்காதீர்கள்.

வீட்டுக்கே வந்து செய்கிற ஒருவரிடம் ஏற்கெனவே இந்த வேலையைச் செய்வித்திருந்தால், அடுத்த முறை ஏரிக்குப் போகுமுன் பற்றரியைக் கழற்றிவிட்டுப் பலகையைத் திறந்து பாருங்கள். வெள்ளைப் பிளாஸ்ரிக், ரேப் சுற்றிய வயர், பெயரில்லாத பம்ப் இவற்றில் ஒன்றைக் கண்டாலும் படகைத் தண்ணீரில் இறக்காதீர்கள். அதே ஆள் என்று சந்தேகம் வந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், மரீனா தந்த அறிக்கையின் பிரதியை அனுப்புகிறேன்.