பன்னிரண்டு வருடமாகத் துடைத்துக்கொண்டிருக்கிறேன்: ஒரு மோசின், ஒரு இஷாப்பூர்

பெட்டியைப் பிரித்ததும் முதலில் வந்தது வாசனைதான். லாரி ஒர்க்‌ஷாப்பில் யாரோ மெழுகுவர்த்தி உருக்கியது மாதிரி. உள்ளே எண்ணெய்க் காகிதம், அதற்குள் பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று ஒரு நீளமான வஸ்து. அதுதான் என் முதல் துப்பாக்கி. தூக்கியதும் சட்டை காலி.

2013-ல் வாங்கியது. மோசின் நாகன்ட் 91/30. சோவியத் ராணுவம் இரண்டாம் உலகப்போர் முழுக்கத் தோளில் சுமந்த ரைஃபிள். முக்கோணத்துக்குள் அம்பு முத்திரை இருந்தால் இஷெவ்ஸ்க் தொழிற்சாலை, நட்சத்திரத்துக்குள் அம்பு இருந்தால் துலா. என்னுடையது முக்கோணம், 1943. போர் உச்சத்தில் இருந்த வருடம். மினுக்குவதற்கெல்லாம் நேரமில்லை என்பது பேரல் திருகியிருக்கும் நடு இரும்புக் கூட்டில், ரிசீவரில், அப்படியே விட்டுவைத்திருக்கும் கடைசல் கோடுகளிலேயே தெரியும். போர் முடிந்ததும் இவற்றைப் பழுது பார்த்து, கிரீஸில் முக்கிக் கிடங்கில் அடுக்கிவிட்டார்கள். பனிப்போர் முடிந்த பிறகு பெட்டிக்கு இருபது வீதம் அமெரிக்காவுக்கு வந்து குவிந்தன. நான் கொடுத்தது 150 டாலருக்கும் குறைவு.

ஊரில் சொன்னால் நம்ப மாட்டார்கள், துப்பாக்கி வீட்டு வாசலுக்கே பார்சலில் வந்தது. ஐம்பது வருடத்துக்கு மேல் பழைய துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்களுக்கென்று இங்கே தனி லைசென்ஸ் உண்டு. மூன்று வருடத்துக்கு 30 டாலர். அது இல்லையென்றால் கடை மூலமாகத்தான் வாங்க வேண்டும். வேலை விசாவில் இருப்பவர்களுக்குப் பொதுவாகத் துப்பாக்கியே கூடாது. கிரீன் கார்டு கைக்கு வரும்வரை நானும் வேடிக்கைதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பழுப்புக் கிரீஸுக்குப் பெயர் காஸ்மோலின். துருவைத் தடுப்பதில் அதை அடிக்க ஆளில்லை. எழுபது வருடம் கழித்தும் உள்ளே இரும்பு புதுசு போல இருந்தது. ஆனால் அதை எடுப்பதற்குள் மனுஷன் பாடு திண்டாட்டம். என் வழி இது: கறுப்புக் குப்பைப் பையில் துப்பாக்கியின் மரக்கட்டையைச் சுற்றி மத்தியான வெயிலில் வைப்பது. ஹூஸ்டன் வெயில் சென்னை வெயிலுக்கு அண்ணன். ஒரு மணி நேரத்தில் மரம் வியர்க்கும், நிஜமாகவே முத்து முத்தாக. துடைத்துவிட்டுத் திரும்பப் பையில் போடவேண்டும். எனக்கு நான்கு மத்தியானம் ஆனது. இரும்புப் பாகங்களுக்குக் கொதிக்கும் தண்ணீர் போதும். சூட்டிலேயே தானாக உலர்ந்துவிடும், உடனே எண்ணெய் பூசிவிட வேண்டும். போல்ட்டை, தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் இரும்புத் தண்டு அது, நான் வேகவைத்தது இட்லிக் குண்டானில். "இனிமே அது உங்க துப்பாக்கிக்கே இருக்கட்டும், அடுப்புப் பக்கம் கொண்டு வராதீங்க" என்று வீட்டில் உத்தரவு. இன்றுவரை அது கேரேஜில்தான் இருக்கிறது.

அந்த முதல் மாதத்தில் ஒரு முட்டாள்தனமும் செய்தேன். கட்டை மேல் இருந்த செம்பழுப்புப் பூச்சு, அரக்குப் பூச்சு அது, அங்கங்கே உரிந்திருந்தது. உப்புத்தாள் எடுத்து முழுசாகத் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் பூசிப் பளபளவென்று ஆக்கிவிட்டேன். கல்யாண மண்டப பெஞ்சு மாதிரி ஆனது. தேய்த்ததில் போனது என்னவென்று பிறகுதான் தெரிந்தது: குறுக்கே கோடு போட்ட சின்னச் சதுரம் ஒன்று. பழுது பார்த்த கிடங்கின் முத்திரை. சுட்டுப் பழகும் ரேஞ்சில் பார்த்த ஒரு பெரியவர் கட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு "ம்" என்றார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு எந்தத் துப்பாக்கியிலும் உப்புத்தாளை நான் தொட்டதில்லை. அரக்குப் பூச்சு உள்ள கட்டையில் ஸ்பிரிட், அதாவது ஆல்கஹால், பட்டாலும் கரைந்துவிடும், பெயின்ட் கடையில் விற்கும் மினரல் ஸ்பிரிட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இன்னொன்று, ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப்போட்டுவிட்டு அப்புறம் எறியுங்கள்.

மோசின் வாங்கிய எல்லோரும் புலம்புவது போல்ட்டைப் பற்றித்தான். நாலு ரவுண்டு சுட்டதும் இறுகிக்கொள்ளும், சுத்தியலால் தட்டித் திறப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். துப்பாக்கியே மோசம் என்பார்கள். பெரும்பாலும் அது தோட்டா உட்காரும் சேம்பரில் காய்ந்துபோன காஸ்மோலின்தான். சூடேறினால் இளகித் தோட்டாவின் வெளிக்கூட்டைப் பிடித்துக்கொள்கிறது. வெண்கல பிரஷ்ஷை டிரில்லில் மாட்டி, கரைப்பானில் நனைத்து, நிதானமாகச் சுழற்றினேன். கறுப்புக் கஷாயமாக வந்தது. அதோடு சரியாயிற்று.

போல்ட்டைக் கழற்றி மாட்டுவதற்கு ஸ்குரூடிரைவர்கூட வேண்டாம். ஆனால் மாட்டிய பிறகு தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசி எவ்வளவு வெளியே நீட்டுகிறது என்று பார்த்தே ஆகவேண்டும். கூடவே வரும் சின்னத் தகட்டில் 75, 95 என்று இரண்டு வெட்டு இருக்கும். 75-ல் ஊசி தட்டவேண்டும், 95-ல் தட்டக்கூடாது. ஊசி அதிகம் நீட்டினால் தோட்டாவின் பின்பக்கத்தையே துளைத்துவிடும்.

அடுத்த அடி தோட்டாவிடமிருந்து. 440 ரவுண்டு அடைத்த தகர டப்பா, மீன் டின் போல அறுத்துத் திறக்க வேண்டும். அன்றைக்கு அது மலிவு. அந்தப் பழைய சோவியத் தோட்டாவின் பிரைமர், பின்பக்கத்துச் சின்ன வெடிமூடி, வெடித்ததும் பேரலுக்குள் உப்பு படிகிறது, பொட்டாசியம் குளோரைடு. உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். இது தெரியாமல் சனிக்கிழமை சுட்டுவிட்டுத் திங்கட்கிழமை வெறும் எண்ணெய் போட்டுத் துடைத்தேன். துணி செம்மண் நிறத்தில் வந்தது. இப்போதெல்லாம் ரேஞ்சிலிருந்து வந்ததும் முதல் வேலை வெந்நீர். சாப்பாடு பிறகு.

சுடுவதற்கு எப்படி? உண்மையைச் சொன்னால், இணையத்தில் கொண்டாடுகிற அளவுக்கு இல்லை. நான்கு கிலோ எடை, நாலடி நீளம், அடிக்கட்டையில் இரும்புத் தகடு. இருபது ரவுண்டில் தோள்பட்டை கன்றிவிடும். முனையில் பயனெட் கத்தி மாட்டிய நிலைக்குத்தான் குறி அமைத்திருக்கிறார்கள். கழற்றினால் குண்டு விழும் இடமே மாறுகிறது.

இஷாப்பூர் 2A1 வேறு ஜாதி. 2017-ல் வாங்கினேன். வங்காளத்தில் இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்தது, என் துப்பாக்கியில் 1967 என்று அடித்திருக்கிறது. பார்க்க நம்ம ஊர் போலீஸ் கையில் பார்த்த திரீ நாட் திரீயேதான். 1962 சீனப் போருக்குப் பிறகு அதே வடிவத்தை 7.62 நேட்டோ தோட்டாவுக்கு மாற்றி, எஃகைப் பலப்படுத்தி, பன்னிரண்டு ரவுண்டு மேகசின் வைத்தார்கள். போல்ட் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. மோசினில் பாதி வேலை கைக்கு, இதில் விரலுக்கு.

சுத்தம் செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இந்த வகையில் முன்கட்டையைக் கழற்றாமல் பின்கட்டையின் நீளத் திருகாணியைத் திருகாதீர்கள். அதன் சதுர முனை முன்கட்டையில் உள்ள தகட்டில் கோத்திருக்கும், திருகினால் மரம் பிளக்கும். திருப்புளியை உள்ளே விட்டு நான் கால் திருப்பு திருப்பியும் விட்டேன். லேசாக ஒரு முனகல் கேட்டது, அப்படியே நிறுத்தினேன். மயிரிழையில் தப்பியது.

சித்தப்பா ஆவடி சிறப்புக் காவல் பட்டாலியனில் இருந்து ரிடையர் ஆனவர். வீடியோ காலில் இதைக் காட்டினேன். முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "போல்ட்டைக் கழட்டுடா. பேரலை ஜன்னல் பக்கம் திருப்பு. போன உள்ள விடு." விட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "என்னடா இது? வாய் பக்கம் கறுப்பு நிக்குது. இந்தப் பேரலோட எங்க பெல் ஆஃப் ஆர்ம்ஸ் பக்கம் வந்திருந்தா மைதானத்தை மூணு ரவுண்டு ஓட விட்டிருப்பாங்க. புல்த்ரூ இருக்கா?" பெல் ஆஃப் ஆர்ம்ஸ் என்றால் ஆயுத அறை. பின்கட்டையின் பித்தளை மூடிக்குள் எண்ணெய்க் குப்பியும், பேரலுக்குள் துணியை இழுக்கும் புல்த்ரூ கயிறும் வைக்கிற இடம் இருக்கிறது. நான் பிளாஸ்டிக் பூசிய ராடு வாங்கி வைத்திருந்தேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. "ராடு வாயைத் தேய்ச்சிரும். கயிறு வாங்கு."

வாங்கினேன். அவர் சொன்னது சரிதான், பேரல் வாய் தேய்ந்தால் குறி போச்சு. உத்தரப் பிரதேச போலீஸ் 2020 குடியரசு தினத்தோடு திரீ நாட் திரீக்கு விடை கொடுத்த செய்தியை அனுப்பினேன். பதிலே இல்லை. மறுநாள் "கயிறு வந்துச்சா" என்று மட்டும் கேட்டிருந்தார்.

இன்று மோசினுக்குக் கடைகளில் பல நூறு டாலர் கேட்கிறார்கள். 2021-ல் ரஷ்யத் தோட்டா இறக்குமதிக்குப் புது அனுமதி கிடையாது என்று ஆன பிறகு சுடுவதும் மலிவில்லை. அந்த விலைக்கு நான் வாங்க மாட்டேன். இரண்டும் பூட்டிய இரும்புப் பெட்டியில், ஈரம் இழுக்கும் சிலிக்கா பைகளோடு நிற்கின்றன. மோசின் வருடத்துக்கு இரண்டு முறை வெளியே வரும். இஷாப்பூர் மாதம் ஒருமுறை, சித்தப்பாவின் ஞாயிற்றுக்கிழமை போனுக்கு முந்தின நாள்.