கட்டணமில்லாப் பேருந்து: ஒரு பயணியின் மதிப்பீடு

தமிழ்நாட்டில் 2021 மே மாதம் தொடங்கிய, பின்னர் 'விடியல் பயணம்' எனப் பெயர் பெற்ற பெண்களுக்கான கட்டணமில்லாப் பேருந்துச் சேவையை அன்றாடம் பயன்படுத்துபவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

இச்சேவையின் பெருமதிப்பு மிச்சமாகும் பணத்தில் மட்டும் இல்லை. வீட்டில் யாரிடமும் காசு கேட்காமல், எதற்குப் போகிறாய் என்ற கேள்விக்குக் கணக்குச் சொல்லாமல், ஒரு பெண் மருத்துவமனைக்கோ வேலை தேடியோ தாய்வீட்டுக்கோ கிளம்பிவிட முடிகிறது என்பதே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. வீட்டுவேலைக்குச் செல்லும் அக்காக்கள் இப்போது இரண்டு நிறுத்தத் தொலைவை நடந்து கடப்பதில்லை.

அதே ஆண்டிலேயே திருநங்கைகளுக்கும் இச்சலுகை விரிவுபடுத்தப்பட்டது மனதார வரவேற்கத்தக்கது. ஆயினும், அறுவைச் சிகிச்சையை நிபந்தனையாக்காமல் தன் பாலினத்தைத் தானே அறிவிக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014-இல் உறுதிசெய்திருக்கும்போது, பயணியின் தோற்றத்தை எடைபோடாமல் அவர் சொல்வதை ஏற்று மரியாதையுடன் பயணச்சீட்டு வழங்க நடத்துநர்கள் ஒவ்வொருவருக்கும் பயிற்சி அளிக்கப்பட வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

குறை ஒன்று உண்டு. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மட்டுமே இச்சலுகை செல்லும் என்பதால், நேரத்துக்கு வேலைக்குச் சேர வேண்டியவள் சொகுசுப் பேருந்தில் ஏறிக் கட்டணம் செலுத்த நேர்கிறது. இரவு நேரத்திலாவது எல்லா நகரப் பேருந்துகளுக்கும் இதை நீட்டிக்க வேண்டும்.