போக்கிமான் டிசிஜி லைவ்: டெக் கட்ட அருமை, போட்டிக்குத் தயாராக அரைகுறை

போக்கிமான் கார்டு ஆட்டத்தில் போட்டிக்குப் போகிற அளவுக்கு ஒரு டெக் (ஆட எடுத்துப் போகிற கார்டுக் கட்டு) கட்டணும், ஆனால் கார்டுகளைக் காசு கொடுத்து வாங்குவதற்கு முன்னால் அந்த டெக் நம் கைக்கு ஒத்து வருமா என்று பார்த்துக்கொள்ளணும் என்று நினைப்பவர்களுக்கு, நேராகப் போய் இறக்கிக்கொள்ள வேண்டிய ஆப் போக்கிமான் டிசிஜி (டிரேடிங் கார்டு கேம்) லைவ். நான் இதில் பெரும்பாலும் டிராகபல்ட் ஈஎக்ஸ் என்ற போக்கிமானைச் சுற்றிக் கட்டின டெக்கைத்தான் ஆடியிருக்கிறேன், அதனால் இந்த விமர்சனமும் அந்த டெக்கைச் சுற்றியே போகும். படம் அழகாக இருக்கிறது, சேர்த்து வைக்கலாம் என்பதற்காக ஆப் தேடுகிறவர்களுக்கு இதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். 2024 அக்டோபரில் வந்த போக்கிமான் டிசிஜி பாக்கெட் வேறு ஆப். அதில் டெக்குக்கு 20 கார்டு, 3 புள்ளி எடுத்தால் ஆட்டம் முடிந்தது, பஸ்ஸில் நின்றுகொண்டே ஒரு ஆட்டம் போட்டுவிடலாம். லைவ் அப்படி இல்லை, மேசையில் கார்டு வைத்து ஆடுகிற அதே ஆட்டம்: 60 கார்டு, ஒரே பெயரில் 4-க்கு மேல் கூடாது (தாக்குதலுக்குத் தேவையான பேசிக் எனர்ஜிக்கு மட்டும் இந்தக் கணக்கு இல்லை), 6 பிரைஸ் (தொடக்கத்தில் ஒதுக்கி வைக்கிற கார்டுகள், எதிராளியின் போக்கிமானை வீழ்த்தும்போது எடுப்போம், எல்லாவற்றையும் எடுத்தவர் ஜெயித்தார்). பழைய டிசிஜி ஆன்லைனுக்குப் பதிலாக 2023 ஜூனில் முறையாக வெளிவந்தது. பழையதில் ஆளுக்கு ஆள் கார்டு மாற்றிக்கொள்ளலாம், இதில் அது கிடையாது, அதை நினைத்து இன்னும் புலம்புகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தப் புலம்பலில் உடன்பாடு இல்லை. மாற்றிக்கொள்வதில் சாமர்த்தியம் உள்ளவருக்குத்தான் அது லாபம், டெக் கட்டி ஆட வந்தவருக்கு அது நேர விரயம்.

இப்போது இருப்பது கிரெடிட் முறை. ஒரு கார்டு 4-ஐத் தாண்டி வந்தால் கூடுதல் பிரதி கிரெடிட்டாக மாறுகிறது, அந்த கிரெடிட்டைக் கொடுத்து வேண்டிய கார்டை நேரடியாக எடுத்துக்கொள்ளலாம். கடையில் வாங்கும் கார்டு பாக்கெட்டுக்குள் இருக்கும் கோட் கார்டை ஸ்கேன் பண்ணினால் ஆப்பிலும் பாக்கெட் வரும். அப்புறம் பேட்டில் பாஸ், அதில் ஆடிக்கொண்டே போனால் போட்டித் தரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற முழு டெக்குகளே கிடைக்கின்றன. தங்க நிறம், முழுப்படம் என்று மினுக்கும் பதிப்புகளுக்கு கிரெடிட்டை வீணாக்காமல் சாதாரணப் பதிப்பையே எடுத்தால் (ஆட்டத்தில் இரண்டும் ஒன்றுதான்) பணமே போடாமல் ஒரு நல்ல டெக் கட்டிவிட முடியும். ஆண்டுதோறும் ரொட்டேஷன் (பழைய கார்டுகளைப் போட்டியிலிருந்து விலக்குவது) வரும்போதும் இது கைகொடுக்கிறது. 2025 ஏப்ரலில் எஃப் என்ற வெளியீட்டுக் காலக் குறி போட்ட கார்டுகள் வழக்கமான போட்டி வடிவமான ஸ்டாண்டர்டிலிருந்து போனபோது எத்தனையோ டெக்குகள் ஒரே நாளில் செல்லாமல் போயின. நிஜக் கார்டு வைத்திருந்தவர்களுக்கு அது கையைக் கடித்தது, ஆப்பில் அடுத்த டெக்குக்கு கிரெடிட் இருந்தால் வேலை முடிந்தது.

டெக் எடிட்டர்தான் இந்த ஆப்பின் உயிர். லிமிட்லெஸ் மாதிரித் தளங்களில் போட்டிகளில் ஜெயித்த டெக் பட்டியல்கள் எழுத்து வடிவில் கிடைக்கும், அதை நகலெடுத்து இங்கே இறக்கினால் டெக் வந்துவிடும், இல்லாத கார்டை அங்கேயே கிரெடிட் கொடுத்து எடுக்கலாம். இதுவரை எல்லோரும் செய்வார்கள். ஆனால் வேலை அதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது, ஏனென்றால் அடுத்தவர் பட்டியலில் ஒவ்வொரு எண்ணிக்கையும் எதற்கு என்று தெரியாமல் ஆடினால் முதல் ஆட்டம் கோணலாகப் போகும்போதே கை நின்றுவிடும்.

டிராகபல்ட் டெக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். டிரீப்பி 4, அது வளர்ந்து ஆகிற டிராக்லோக் 4, அதுவும் வளர்ந்து ஆகிற டிராகபல்ட் ஈஎக்ஸ் 3 என்று வைப்பது வழக்கம். ரேர் கேண்டி இருந்தால் டிரீப்பியிலிருந்து நேராக டிராகபல்ட்டுக்குத் தாவலாமே, நடுவில் டிராக்லோக் எதற்கு 4 என்று புதியவர்கள் முதலில் அதைத்தான் வெட்டுவார்கள். வெட்டாதீர்கள். டிராக்லோக்கின் திறமை, டெக்கின் மேல் இரண்டு கார்டைப் பார்த்து ஒன்றைக் கையில் எடுத்து மற்றதை அடியில் வைப்பது. பெஞ்சில் (முன்னால் நின்று ஆடுவதற்குப் பின்னால் காத்திருக்கும் வரிசை) இரண்டு டிராக்லோக் இருந்தால் ஒவ்வொரு முறையும் நாலு கார்டு பார்த்து இரண்டு எடுக்கிறீர்கள், சப்போர்ட்டர் என்ற உதவி வகைக் கார்டைச் செலவழிக்காமலே. டெக்கின் இன்ஜின் அதுதான், டிராகபல்ட் வெறும் துப்பாக்கி.

அப்புறம் பேசிக் (வளர்ச்சிக்கு முந்தைய, நேராக இறக்கக்கூடிய போக்கிமான்) கணக்கு. தொடக்கக் கையில் 7 கார்டு, அதில் ஒரு பேசிக் போக்கிமான்கூட இல்லையென்றால் முல்லிகன், கையைக் கலைத்து மறுபடி எடுக்கணும், எதிராளி அதற்கு ஒரு கார்டு கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம். டிரீப்பி 4, டஸ்கல் 2, பட்யூ, ஃபெசாண்டிபிட்டி ஈஎக்ஸ், லாட்டியாஸ் ஈஎக்ஸ் தலா ஒன்று என்று 9 பேசிக் வைத்தால் ஒரு தொடக்கக் கை முல்லிகனாகிற வாய்ப்பு 30 சதவீதம். 12 ஆக்கினால் 19 சதவீதம். சரி, 12 வைத்துவிடலாமே என்றால் அந்த மூன்று இடத்துக்கு எதை வெட்டுவது? பட்டி-பட்டி பாஃபினையா? 70 எச்பி-க்கு (உயிர்ப்புள்ளி) மிகாத இரண்டு பேசிக்கை ஒரே கார்டில் பெஞ்சுக்குக் கொண்டுவருகிற, டிரீப்பி, டஸ்கல், பட்யூ மூன்றையும் தொடுகிற கார்டு அது. நாலு பிரதி வைத்தாலும் முதல் ஏழில் ஒன்றாவது வருகிற வாய்ப்பு 40 சதவீதம்தான், நாலு வைத்தாயிற்றே எப்போதும் வரும் என்று நினைக்கிறவர்களை இந்த எண் கொஞ்சம் உலுக்கும். இந்த மாதிரி இழுபறியைக் காகிதத்தில் போட்டுப் பார்ப்பதைவிட இரண்டு கார்டை மாற்றி அடுத்த நிமிடமே ஆடிப் பார்ப்பது எவ்வளவோ மேல், அதற்கு லைவ் மாதிரி வசதி கிடையாது. ஆட்டம் முடிந்ததும் முழு விவரத்தையும் எழுத்தாக எடுத்து வைத்துக்கொள்ளலாம், எந்தக் கார்டு கையிலேயே தூங்கியது என்று அதில் அப்பட்டமாகத் தெரியும்.

ஒற்றையாக வைக்கிற கார்டுகளுக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு உண்டு. 60-ல் 6 பிரைஸுக்குப் போவதால், ஒரே ஒரு பிரதி உள்ள எந்தக் கார்டும் பத்தில் ஒரு ஆட்டத்தில் பிரைஸில் மாட்டிக்கொள்ளும். டஸ்கலின் கடைசி வளர்ச்சியான டஸ்க்நோயர் ஒன்றுதான் வைத்திருக்கிறீர்கள் என்றால் முதல் தடவை டெக்கைத் தேடும்போதே அது இருக்கிறதா என்று பார்த்துவிடணும். ஆப் அதைச் சொல்லாது, நீங்கள்தான் பார்க்கணும். நல்ல விஷயம் அது, இல்லாவிட்டால் அந்தப் பழக்கமே வராது.

விதிகளை ஆப் கச்சிதமாகப் பார்த்துக்கொள்கிறது, சில நேரம் அதுவே பாடமாகவும் ஆகிறது. டெரா என்ற வகைப் போக்கிமான் பெஞ்சில் இருக்கும்போது தாக்குதல் சேதம் படாது. ஆனால் டிராகபல்ட்டின் பாண்டம் டைவ் முன்னால் நிற்பதற்கு 200 சேதம் கொடுத்துவிட்டு பெஞ்சுக்கு 6 டேமேஜ் கவுண்டர் (ஒன்று 10 எச்பி குறைக்கும்) *வைக்கிறது*. கவுண்டர் வைப்பது சேதமாகாது, அதனால் பெஞ்சில் இருக்கும் டெராவும் தப்பாது. இதை எழுத்தில் படித்து மண்டையில் ஏற்றிக்கொள்வது கஷ்டம், ஆப்பில் ஒரு தடவை பார்த்தால் போதும்.

சாரிசார்ட் ஈஎக்ஸ் டெக்கோடு மோதியதுதான் எனக்கு இந்த ஆப் கொடுத்த நல்ல பயிற்சி. சாரிசார்ட்டுக்கு 330 எச்பி. பாண்டம் டைவ் 200, டஸ்க்நோயர் தன்னையே வீழ்த்திக்கொண்டு 13 கவுண்டர் வைக்கும், அதாவது 130, கூட்டினால் சரியாக 330. டஸ்க்நோயர் போவதால் எதிராளிக்கு ஒரு பிரைஸ் போகும், வீழ்ந்தது ஈஎக்ஸ் என்பதால் நமக்கு இரண்டு வரும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரியாத பாதி அடுத்தது. சாரிசார்ட்டின் அடி 180, அதோடு நாம் எடுத்த ஒவ்வொரு பிரைஸுக்கும் 30 கூடும். நாம் 2, 4 என்று ஈஎக்ஸ்களை மட்டும் வீழ்த்திக்கொண்டு போனால் அதன் அடி 240, 300 என்று நிற்கும், அடிபடாத டிராகபல்ட்டுக்கு 320 எச்பி, கூடுதல் அடி தருகிற கார்டு எதுவும் எதிராளி போடாதவரை ஒரே அடியில் சாகாது. நடுவில் ஆசைப்பட்டு அந்த 6 கவுண்டரில் பெஞ்சில் இருக்கிற ஒரு சின்ன 60 எச்பி போக்கிமானை வீழ்த்தி ஒரு பிரைஸ் எடுத்தோமென்றால் கணக்கு ஒற்றைப்படைக்குப் போய்விடும், 5 பிரைஸ் எடுத்த நிலையில் அடி 330, டிராகபல்ட் காலி. இலவசமாகக் கிடைக்கிற பிரைஸை வேண்டாம் என்று விட்டுவிட்டு அந்தக் கவுண்டர்களை எதிராளியின் பிட்ஜாட் ஈஎக்ஸ் மேல் சேர்த்து வைக்கிற பொறுமை, ஒரே எதிராளியோடு திரும்பத் திரும்ப ஆடினால்தான் வரும்.

இங்கேதான் ஆப் கைவிடுகிறது. ரேங்க் லேடரில் (தரவரிசைக்காக முகம் தெரியாதவர்களோடு ஆடுவது) எல்லாமே ஒற்றை ஆட்டம். பெரிய போட்டிகளில் சுற்று என்பது மூன்றில் இரண்டு, அதற்கு வழக்கமாக இருவருக்கும் சேர்த்து 50 நிமிடம். இரண்டும் ஒரே ஆட்டம் மாதிரித் தெரியும், டெக் கட்டுகிற பார்வையில் இரண்டும் வேறு. லேடரில் யார் முதலில் ஆடுவது என்பது நாணயம் சுண்டுவதோடு முடிந்தது. மூன்றில் இரண்டில் தோற்றவர் அடுத்த ஆட்டத்துக்கு அதைத் தேர்ந்தெடுப்பார். முதலில் ஆடுபவர் முதல் முறையில் தாக்க முடியாது, சப்போர்ட்டரும் போட முடியாது, எனர்ஜியே இல்லாமல் தாக்கி எதிராளியின் ஐட்டம் வகை உதவிக் கார்டுகளைப் பூட்டுகிற பட்யூவை நம்பின டெக் அதனால் இரண்டாவதாக ஆடத்தான் விரும்பும், அதைத் தெரிந்துகொண்ட எதிராளி இரண்டாவது ஆட்டத்தில் அந்த இடத்தை விட்டுக்கொடுக்க மாட்டார். அன்ஃபேர் ஸ்டாம்ப் மாதிரி டெக்குக்கு ஒன்றே அனுமதிக்கப்பட்ட ஏஸ் ஸ்பெக் கார்டு லேடரில் ஒவ்வொரு தடவையும் அதிர்ச்சி வைத்தியமாக வேலை செய்யும். மேசையில் முதல் ஆட்டத்தில் அதைக் காட்டிவிட்டால் அடுத்த ஆட்டத்தில் எதிராளி அதற்கென்றே தயாராக உட்கார்ந்திருப்பார். லேடரில் 'இந்தக் கார்டு பிரமாதம்' என்று தோன்றுகிற பாதி முடிவுகள் இப்படித்தான் தப்பாகின்றன.

நேரம் இன்னொரு தலைவலி. ஆப்பில் ஆளுக்கொரு கடிகாரம், எதிராளி யோசித்தால் அவர் நேரம்தான் போகும். மேசையில் கடிகாரம் பொது. டிராக்லோக் திறமை, தேடல், கலைத்தல், கவுண்டர் எங்கே வைப்பது என்ற யோசனை எல்லாமே டிராகபல்ட் டெக்கில் நிறைய, ஆப்பில் கலைப்பதும் எண்ணுவதும் தானாக நடந்துவிடுவதால் அந்தக் கனம் தெரியாது. மேசையில் ஒரு ஆட்டம் ஜெயித்து, ஒன்று தோற்று, மூன்றாவது முடியாமல் போனால் டிரா. வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1. இரண்டு டிரா சேர்ந்தால் மேல் வரிசைக்குப் போகும் கனவைக் கிட்டத்தட்ட மூட்டை கட்டிவிடலாம்.

லேடரில் வருகிற டெக்குகளைப் பார்த்து போட்டியில் என்ன வரும் என்று முடிவு கட்டுவதும் ஆபத்துதான். 2024-ல் ஹொனலுலுவில் நடந்த உலகப் போட்டியில் சிலி நாட்டு பெர்னாண்டோ சிஃபுவெந்தெஸ் ஜெயித்தது அயர்ன் தோர்ன்ஸ் ஈஎக்ஸ் டெக்கை வைத்து. முன்னால் நிற்கும்வரை ஈஎக்ஸ், வி போன்ற ரூல் பாக்ஸ் (கார்டிலேயே தனி விதி அச்சிட்ட) போக்கிமான்களின் திறமைகளை, ஃப்யூச்சர் வகையைத் தவிர, முடக்கிவிடுகிற கார்டு அது. ஜாலியாக ஆட வந்தவர் கையில் எடுக்கிற டெக் அல்ல, எதிரில் வந்தாலும் சலிப்புதான். ஆனால் பிட்ஜாட் மாதிரித் திறமைகளை நம்பிய டெக்குகள் நிறைந்த அரங்கில் அது பிரமாதமான தேர்வு.

என் மதிப்பு: டெக் கட்டுவதற்கு ஐந்துக்கு ஐந்து, போட்டிப் பயிற்சிக்கு இரண்டரை. அந்த இரண்டரையை ஏற்றிக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. உங்கள் தரத்துக்கு ஆடுகிற ஒரு நண்பரைப் பிடித்து, ஆப்பில் இருக்கிற நண்பர் ஆட்டத்தில் அதே இரண்டு டெக்குகளை வைத்து மூன்றில் இரண்டு ஆடுங்கள், பக்கத்தில் இன்னொரு போனில் 50 நிமிடம் ஓடவிட்டு, தோற்றவர் யார் முதலில் ஆடுவது என்று சொல்லணும் என்ற விதியோடு. கலைப்பதற்கு ஆப் நேரம் எடுக்காது என்பதால் 40 நிமிடம் வைத்தால் இன்னும் நெருக்கமாக இருக்கும். டெக் உறுதியானதும் பட்டியலை ஆப்பிலிருந்தே எழுத்தாக எடுத்துவிடுங்கள், செட் குறியும் எண்ணும் சேர்ந்தே வரும், போட்டியில் கொடுக்க வேண்டிய டெக் பட்டியலை அதைப் பார்த்தே நிரப்பலாம். கையில் இருக்கிற 60 கார்டோடு அதை ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள், பட்டியலும் டெக்கும் ஒத்துப்போகாவிட்டால் நடுவர் தண்டனை கொடுப்பார்.