வேலூரில் திக்குவாய்க்கான பேச்சுப் பயிற்சி: என் மதிப்பீடு

வேலூரில் இயங்கும் ஒரு சிறிய பேச்சுப் பயிற்சி நிலையத்தில் சில மாதங்களாகப் பயின்று வருகிறேன். திக்குதலை அடியோடு போக்கிவிடுவதாக இங்கே யாரும் வாக்களிப்பதில்லை. அதுவே எனக்கு முதலில் நம்பிக்கை அளித்தது. தாமும் திக்கியவரான அமெரிக்க அறிஞர் சார்லஸ் வான் ரைப்பர் (1905–1994) வகுத்த முறையை ஒட்டி, சொல் சிக்கிக்கொண்டால் வலிந்து தள்ளாமல், இறுக்கம் எங்கே இருக்கிறது என்பதை உணர்ந்து, அதை மெல்லத் தளர்த்தி, ஒலியை நீட்டியபடியே வெளிவரப் பழக்குகிறார்கள்.

'காட்பாடி' என்று கேட்க அஞ்சி, நடத்துநரிடம் 'ரயில்வே ஸ்டேஷன்' என்றே பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தவன் நான். பயிற்சியாளர் என்னோடு பேருந்தில் ஏறி, வேண்டுமென்றே திக்கியபடி முதலில் தாமே பயணச்சீட்டு வாங்கிக் காட்டினார். அடுத்து நான் 'கா'வை மென்மையாகத் தொடங்கிக் கேட்டேன். திக்கத்தான் செய்தது, ஆயினும் சொல்ல நினைத்த சொல்லையே சொன்னேன். நடத்துநரும் பொறுமையாகவே காத்திருந்தார். இந்த நேரடிப் பயிற்சிக்காகவே கட்டணம் தகும்.

முன்பதிவைத் தொலைபேசியில் மட்டுமே ஏற்பது பெருங்குறை. திக்குவோர் பலருக்குத் தொலைபேசியே மிகக் கடினம் என்பதை நன்கறிந்தவர்கள், வாட்ஸ்அப் வழியையும் உடனே திறந்துவிட வேண்டும். மாலை நேரம் எளிதில் கிடைப்பதில்லை. காலை வகுப்பைக் கேட்டுப் பெறுங்கள்.